கயிற்றில் தொங்கிய சாரம்

நீலக் கட்டம் போட்ட அந்தச் சாரம், வெளியூர்க்காரர்கள் லுங்கி என்பார்களே அது, கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டியிருந்த ஆளைக் காணவில்லை.

பாறையிலிருந்து சறுக்கி வருகிறவர்கள் வந்து விழும், ஓடைத் தண்ணீர் தேங்கிய கசம் அது. ஆள் மூழ்காத ஆழம்தான். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக மஞ்சள் நைலான் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். சறுக்கிய வேகத்தில் யாரும் ஓடையோடு போய்விடக் கூடாது என்பதற்காக. அந்தக் கயிற்றில்தான் சாரம் மாட்டிக்கொண்டு, தண்ணீர் இழுத்த இழுப்புக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஈரத் துணி தண்ணீரை அறைகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. சளப், சளப்.

சற்று முன்னால் அந்தச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாறை உச்சியில் நின்றவர் என் தங்கை நஸீமாவின் மாப்பிள்ளை யூசுப். கல்யாணப் பந்தல் பிரித்த குழிகூட எங்கள் தெருவில் இன்னும் மூடவில்லை. அந்த வாரக் கடைசியில் அவருக்கு விமானம்.

உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“ஏலே, மாப்ள எங்கலே?”

கசத்தில் எத்தனையோ தலைகள் தெரிந்தன. அவர் தலை மட்டும் இல்லை.

இரண்டு செருமல் என்றால் டீ

போன வாரம் இந்தப் பக்கத்தில் நஸீமாவின் நிக்காஹ் பற்றி எழுதியிருந்தேன். படித்தவர்களில் பலர், “எல்லாம் சரி, மாப்பிள்ளை எப்படி?” என்று கேட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

யூசுப் கடையநல்லூர்க்காரர். வளைகுடாவில் ஒரு பெரிய கடையின் கிட்டங்கியில் சரக்கு அடுக்கும் வேலை. பெண் பார்த்தது, பேசி முடித்தது எல்லாம் செல்போன் திரையில்தான். லீவில் வந்தார், நிக்காஹ் நடந்தது, லீவு கரைந்துகொண்டிருந்தது. மனிதரிடம் ஒரு குறை சொல்ல முடியாது. வாப்பாவுக்கு முழங்கால் வலி என்று யாரோ சொல்லிக் கேட்டு, மறுநாளே தைலம் வாங்கி வந்து வைத்தார். வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அது யாருக்கு, எதற்கு என்று நாங்கள்தான் யோசித்துக் கண்டுபிடித்தோம்.

அதுதான் சங்கதி. மனிதர் பேசமாட்டார்.

சோற்றில் உப்பு குறைந்தால் எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கொள்வார். நஸீமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. ‘ஏய்’ என்றோ ‘இந்தா’ என்றோகூட இல்லை. தேவை என்றால் தொண்டையைச் செருமுவார். ஒரு முறை செருமினால் தண்ணீர், இரண்டு முறை செருமினால் டீ என்று அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். முதலில் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிறகு ஒரு நாள், எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“அண்ணே, அவியளுக்கு என்னப் பிடிக்கலியோ?”

“அப்படி ஏதும் சொன்னாரா?”

“சொன்னாத்தான் தேவலையே. சண்டையாவது போடலாம்லா.” ஒரு துணியை உதறினாள். சாரல் மாதிரி என் முகத்தில் தெளித்தது. “போனா இனி ரெண்டு வருசம். நேர்ல இருக்கும்போதே பேசாத மனுசன் போன்லயா பேசப் போறாவ? செவரக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு எனக்கு.”

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கப் பேசுகிறவன் நான். அன்று கொடியின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

உம்மாதான் வழி சொன்னாள். “சாரலுக்குக் கூட்டிட்டுப் போவோம். தண்ணியில நின்னா யாரா இருந்தாலும் வாயத் தொறப்பாவ.”

எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளையைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போவது ஒரு விருந்துக்குச் சமம். அதையும் செய்யாமல் விமானம் ஏற்றினால் ஊர் பேசும்.

தேய்த்தாகிவிட்டது

வேனில் கிளம்பினோம். வாப்பா, உம்மா, நஸீமா, மாப்பிள்ளை, நான். ஓட்டியது இலத்தூர் செல்வம் அண்ணாச்சி. கிளம்பும் முன்பே உம்மா எங்கள் தலையில் எல்லாம் நல்லெண்ணெய் வைத்து அரக்கிவிட்டாள். மாப்பிள்ளைக்கு மட்டும் குற்றாலத்தில் ஆளை வைத்து உடம்பு முழுக்கத் தேய்ப்பதாக ஏற்பாடு.

குற்றாலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அருவி. எங்களுக்கு முதலில் எண்ணெய், பிறகுதான் அருவி. கடை வீதியில் நேந்திரங்காய் வறுக்கும் வாசனையும் ரம்புட்டான் கூடைகளும் ஒரு பக்கம் என்றால், அதையெல்லாம் மீறி அடிப்பது மசாஜ்காரர்களின் எண்ணெய் வாசனை. அன்று தார்ப்பாய்க்குக் கீழே, பலகையில் மாப்பிள்ளையை உட்கார வைத்து, ஒரு ஆள் தோளில் அடித்துத் தேய்த்தார்.

“அண்ணாச்சி, கைய விடுங்க. ஏன் இரும்புக் கம்பி மாதிரி வெறச்சுக்கிட்டு இருக்கிய? நான் என்ன ஊசியா போடுதேன்?”

மாப்பிள்ளை கையை விட்டார். வாயை விடவில்லை.

“நல்லா ஊத்தித் தேயிங்கப்பா,” என்று வாப்பா ஓரமாக நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆளும் ஊற்றினார். தலை, முதுகு, கால் என்று மாப்பிள்ளை விளக்கி வைத்த பித்தளைக் குடம் மாதிரி மின்னினார்.

அப்போதுதான் மெயின் அருவிப் பக்கமிருந்து ஜனங்கள் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். தண்ணீர் அருவிக்கு முன்னால் கட்டிய ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதாம். குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் தடை. பழைய அருவியிலும் தடை.

இதில் உள்ள சிக்கல் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. குளிக்காமல் திரும்பலாம், அதில் ஒன்றுமில்லை. எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளிக்காமல் திரும்பக் கூடாது. வீட்டுக் குழாயில் குளித்தால் அது கணக்கில் சேராது.

“சளி பிடிச்சுரும். மார்ல கட்டிக்கிடும். பிளேன்ல போற பிள்ள,” என்று உம்மா ஆரம்பித்துவிட்டாள்.

வாப்பா போனை எடுத்தார். வாப்பாவுக்கு யாரையாவது தெரிந்திருக்கும். இளவட்டத்தில் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று வீடு வீடாக ஏறி இறங்கிச் சாரமும் துண்டும் விற்றவர் அவர். அங்கே பழைய டீக்கடைக்காரர் ஒருவரிடம் மலையாளத்தில் நலம் விசாரித்து, நடுவில் சங்கதியைக் கேட்டு, மறுபடியும் நலம் விசாரித்துவிட்டு வைத்தார்.

“அந்தப் பக்கம் நேத்தே மழ விட்டுட்டாம். சறுக்குப் பாறையில தண்ணி அளவா வருதாம். வண்டிய விடு, செல்வம்.”

செல்வம் அண்ணாச்சி வண்டியை எடுக்கவில்லை. இறங்கிப் போய் எங்கிருந்தோ பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுத்து வந்து இருக்கையில் விரித்தார்.

“மாப்ளய இதுல இருக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. போன வாரம் ஏத்துன பார்ட்டியோட எண்ணெ வாடையே இன்னும் போகல. வீட்ல என்னய சோத்துக்கு முந்தி குளிச்சிட்டு வரச் சொல்லுதா.”

நாங்கள் சிரித்தோம். மாப்பிள்ளை ஒரு முறை செருமினார். நஸீமா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

எனக்குத் தெரியாத எழுத்து

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதற்காக எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. கண்ணில் படும் எழுத்தை எல்லாம் வாசித்துச் சொல்ல வேண்டும். தென்காசி பஸ் நிலையத்தில் வாப்பாவின் இடுப்பு உயரத்தில் நின்றுகொண்டு பஸ்ஸின் நெற்றியை வாசித்திருக்கிறேன். மருந்துக் குப்பி, கல்யாண அழைப்பு, கரண்ட் கம்பத்தில் ஒட்டிய துண்டுச் சீட்டு எல்லாம் என்னிடம்தான் வரும். “என்னலே போட்டிருக்கு?” என்பது வாப்பா என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி. இன்று இயற்பியல் ஆசிரியனான பிறகும் கேட்கிறார். எனக்கும் அதில் பெருமை இல்லாமல் இல்லை.

புளியரை எல்லையைத் தாண்டி மலையேறி, ரப்பர் மரங்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி, சறுக்குப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். வாப்பா துணி விற்ற காலத்தில் அது வெறும் ஓடை. இப்போது காட்டிலாகா வேலி போட்டு, நுழைவுச் சீட்டு வைத்து, உட்காரச் சிமெண்டுப் பெஞ்சும் உடை மாற்ற அறையும் கட்டியிருக்கிறது.

“அப்ப நீங்க இதுல சறுக்கியிருக்கியளா வாப்பா?”

“எங்கலே? மூட்டைய யாரு பாத்துக்கிடுவா? கைகால நனைச்சிட்டு நடையக் கட்டிருவேன்.”

வாசலில் பெரிய பலகை. மேலே ஒரு குப்பியின் படம் வரைந்து, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே வட்டம் வட்டமாக மலையாள எழுத்தில் பல வரிகள்.

வாப்பா பலகையைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

“என்னலே போட்டிருக்கு?”

“எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதே வாப்பா.”

வாப்பாவுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. எனக்கு எழுத்துத் தெரியும், இந்த எழுத்து தெரியாது. அவர் முகத்தில் ஏமாற்றத்தை எதிர்பார்த்தேன். அவரோ என் தோளில் கையைப் போட்டார்.

“அப்போ இங்கன நாம ரெண்டு பேரும் ஒண்ணுதாம்லே,” என்று சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் என் தோளில் கை போட்டு நாளாகியிருந்தது.

காவலுக்கு நின்ற கார்டு, காக்கிச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டு போட்ட நடுவயதுக்காரர், பைகளைத் திறந்து பார்த்தார். உம்மாவின் எண்ணெய்க் குப்பியையும் ஷாம்பு சரத்தையும் எடுத்து ஒரு வாளிக்குள் வைத்தார். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

எங்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. குற்றாலத்திலும் இதேதான். அருவித் தண்ணீர் கெடுகிறது என்று சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கெல்லாம் தடை. பையில் குப்பி இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மேலெல்லாம் எண்ணெய் வழிய நடந்து போகிறவர்களை ஒன்றும் சொல்வதில்லை. எண்ணெய் பையில் இருக்கக் கூடாது, மேலே இருக்கலாம். சின்ன வயசிலிருந்து பழகிய சட்டம் அது. அருவிக்கு அருவி மாறும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே குப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். எண்ணெய் சட்டைக்குள் இருந்தது.

பாறை

அகலமான கரும்பாறை. ஓடை அதன் மேல் மெல்லிய கண்ணாடித் தாள் போல விரிந்து இறங்குகிறது. நடுவில் மட்டும் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம், எத்தனையோ மழைக்காலங்களும் எத்தனையோ பேரின் இடுப்பும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பானது. மேலே உட்கார்ந்து கையை விட்டால் தண்ணீரே தள்ளிக்கொண்டு வந்து கசத்தில் போடும். தண்ணீர் எலும்பைத் தொடும் குளிர். ஏலக்காய்க் காட்டிலிருந்து வருகிறதோ என்னவோ, ஒரு பச்சை வாசனை.

பிள்ளைகள் கத்திக்கொண்டே சறுக்கின. ஒரு தடித்த அம்மாள் நைட்டியோடு வந்து விழுந்து, எழுந்து, உடனே மறுபடி மேலே ஏறினாள். வேகம் ஒன்றும் பயப்படும்படி இல்லை. சிலர் நடுவில் நின்றுபோய் கையால் உந்திக்கொண்டு வந்தார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். எனக்குத் தலையில் மட்டும்தான் எண்ணெய்.

கீழே நஸீமா உம்மாவோடு கரைப் பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாள். கார்டு வாயில் விசிலோடு இன்னொரு பாறையில்.

“மாப்ள, வாங்க! நல்லாருக்கு!” என்று நான் கசத்திலிருந்து கத்தினேன்.

யூசுப் மேலே நின்று நஸீமாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருகிற மாதிரி வாய் திறந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாய் மூடிக்கொண்டது. சாரத்தை மடித்துக் கட்டினார், உட்கார்ந்தார், கையை விட்டார்.

அடுத்து நடந்ததைச் சறுக்கியது என்று சொல்ல முடியாது. எறிந்த மாதிரி இருந்தது. பளபளவென்று ஒன்று பாறையைக் கடந்தது. பிள்ளைகள் ‘ஓ’ என்று கத்தி முடிப்பதற்குள் கசத்தில் விழுந்து, மேலேயே வழுக்கி, என் பக்கத்தில் தண்ணீரை வாரி அடித்துவிட்டு, மல்லாந்தபடியே கயிற்றுக்குக் கீழே புகுந்தது. கயிறு விண்ணென்று இழுபட்டது. சாரம் அங்கேயே நின்றுவிட்டது. ஆள் நிற்கவில்லை. ஓடை ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஒரு கை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

பெயர்

கார்டு விசிலை ஊதிக்கொண்டே கரையோரமாக ஓடினார். நான் கயிற்றைப் பிடித்துத் தாண்டினேன். வாப்பா பின்னால் “ஏலே பாத்து! ஏலே பாத்து!” என்று கத்திக்கொண்டு வந்தார். அந்தப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆனால் எல்லா இடத்திலும் கல். ஒவ்வொரு கல்லும் என் கண்ணுக்கு ஒரு மண்டையை உடைக்கக் காத்திருப்பது போலவே இருந்தது.

“மாப்ள! யூசுப் மாப்ள!”

பதில் இல்லை. கார்டு எதிர்க்கரையிலிருந்து மலையாளத்தில் கூப்பிட்டார். பதில் இல்லை. குளிக்க வந்த கூட்டம் இரண்டு கரையிலும் வரிசையாக நின்றுவிட்டது. கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தவர்களும் உண்டு.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான். கொடியடியில் நின்று அவள் கேட்ட கேள்விக்கு இனி பதிலே வராமல் போய்விடுமோ?

அப்போதுதான் நஸீமா எழுந்தாள். அதுவரை சாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், சுடிதாரோடு தண்ணீரில் இறங்கினாள். கயிற்றிலிருந்து அந்தச் சாரத்தை உருவி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு கத்தினாள்.

“யூசுப்! யூசுப்!”

எங்கள் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். உம்மா இன்றுவரை வாப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைக் காட்டி “இவன் வாப்பா” என்பாள். அந்த உம்மா கரையில் நின்று, “கூப்பிடுடீ, இன்னும் சத்தமா கூப்பிடு,” என்று அழுதாள்.

“யூசுப்! எங்க இருக்கிய? யூசுப்!”

பெரிய பாறைக்குப் பின்னாலிருந்து, ஓடைச் சத்தத்துக்குள், யாரோ ஒரு முறை செருமினார்கள்.

நஸீமா அப்படியே நின்றாள்.

பிறகு குரல் வந்தது. மெதுவாக, கூச்சத்தோடு.

“நஸீமா…”

நான் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

“நஸீமா, நீ மட்டும் வா. சாரத்த எடுத்துட்டு வா.”

பாறைக்கு அந்தப் பக்கம்

தண்ணீரில் அவளைத் தனியாக விட மனமில்லாமல் பாறை வரைக்கும் கூடவே போய், இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். அவர்கள் பேசியதைக் கேட்டிருக்கக் கூடாதுதான். காதை அடைத்துக்கொள்ளக் கை இல்லை. இரண்டு கையாலும் கல்லைப் பிடித்திருந்தேன்.

“அடி பட்டிருச்சா?”

“முழங்கையில சிராய்ப்பு. வேற ஒண்ணுமில்ல. சாரத்தத் தா.”

“நாங்க கூப்பிட்டது கேக்கலியா?”

“கேட்டுச்சு.”

“பொறவு?”

“அங்கன மாமி நிக்காவ, மாமா நிக்காவ. ஊரே போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கி. நான் இப்படி எப்படி வர?”

சளப் என்று ஒரு சத்தம். சாரம்தான், இந்தத் தடவை தண்ணீரில் படவில்லை. முதுகில் பட்ட சத்தம்.

“செத்துட்டியனு நெனச்சுட்டேன். ஒரு வார்த்த சொல்ல வாய்க்கு என்ன கேடு? வந்த நாள்ல இருந்து இப்படித்தான். என்னப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க.”

பிறகு இரண்டு முறை செருமல்.

“இங்கன டீ கிடையாது. வாயால சொல்லுங்க.”

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“பிடிக்காமலா…” என்றார் அவர். “ரூம்ல இருக்கவன் எல்லாரும் சொல்லுவான். லீவுல போயி ரொம்ப ஒட்டிக்கிடாதே, திரும்பி வரும்போது பிச்சிட்டு வர முடியாதுன்னு. போன தடவ உம்மாவ விட்டுட்டுப் போனதுக்கே ஒரு மாசம் சோறு எறங்கல எனக்கு. இப்ப நீ வேற. பேசாம இருந்துட்டா போறப்ப லேசா இருக்கும்னு நெனச்சேன்.”

“லேசா இருக்கா?”

“இல்ல.”

“பொறவு என்ன? கஷ்டம் ரெண்டு வழியிலயும் இருக்குல்லா. பேசிட்டே கஷ்டப்படுங்க.”

அதற்கு மேல் கேட்க எனக்கே கூச்சமாகிவிட்டது. உம்மா பக்கம் திரும்பி, கையை உயர்த்தி ஆட்டினேன். கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். உம்மா அங்கேயே ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதை எழுத மாப்பிள்ளையிடம் அனுமதி கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். சாரத்துக்குள்ளே அரைக்கால் டவுசர் போட்டிருந்ததாக எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

எங்களுக்காக வைத்த பலகை

கார்டு யூசுப்பை உட்கார வைத்து முழங்கையைத் துடைத்தார். துடைத்த விரலை மூக்கருகே கொண்டுபோனார். அவர் புருவம் மேலே போனது.

“நல்லெண்ண!” என்றார்.

எங்களை அப்படியே வாசலுக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பலகையின் முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். வாப்பா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சறுக்கக் கூடாது. வேகம் கூடும். கயிறு தாங்காது. உயிருக்கு ஆபத்து.

“இது யாருக்காக வெச்ச போர்டாம் தெரியுமாலே?” என்று வாப்பா, கடைசியில் கார்டு சொன்னதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “குத்தாலத்துல தண்ணி கூடுனா அங்கன இருந்து எண்ணெயத் தேச்சிட்டு ஆளுக இங்கன வந்துருதாவளாம். நமக்காகத்தான் வெச்சிருக்காவ.”

“நமக்குன்னா தமிழ்ல வைக்கணும்லா?” என்றேன்.

வாப்பா அதை மலையாளத்தில் சொன்னார். கார்டு பலகையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். “அது சரியாணல்லோ,” என்று தலையைச் சொறிந்துகொண்டார்.

ஒன்பதாம் வகுப்பில் வருடா வருடம் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. உராய்வைக் குறைக்கும் பொருள்களுக்கு எடுத்துக்காட்டு தருக. முதல் விடையே எண்ணெய்தான். இனி அந்தப் பாடத்தை நடத்தும்போது என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பக்கம், மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார் என்பதால் அதுவும் ஒரு சுகமான யோசனையாகத்தான் இருந்தது.

கார்டு கொடுத்த பயற்றமாவைத் தேய்த்து, கசத்தின் ஓரத்திலேயே மாப்பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டோம். தேய்த்துவிட்டவள் நஸீமா. “திரும்புங்க. கையத் தூக்குங்க. குனிங்க,” என்று அதட்டிக்கொண்டே தேய்த்தாள். உம்மா வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், சிரிப்பை மறைக்க.

“இப்ப நீங்க ஒரு தடவ சறுக்குதியளா வாப்பா? மூட்டைய நான் பாத்துக்கிடுதேன்,” என்றேன்.

“போலே, இடுப்பு போயிரும்,” என்றார். ஆனால் கிளம்பும்வரை பாறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

திரும்பும் வழியில் பின் இருக்கையில் பேச்சு ஓயவில்லை. மாப்பிள்ளையின் அறையில் யார் குறட்டை விடுவார், யார் சமைத்தால் சாப்பிட முடியாது, சோற்றுக்கு நஸீமா வைக்கிற ஆணத்தில் ஏன் இவ்வளவு புளி என்று ஒவ்வொன்றாக வந்தது. புளி விஷயத்தில் சண்டையே வந்துவிட்டது. உம்மா என் காதருகே குனிந்து, “அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள்.

செங்கோட்டை வரும்போது செல்வம் அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். “அண்ணாச்சி, வரும்போது வண்டியில நாலு பேருதான் இருந்தாவ மாதிரி இருந்துச்சு. இப்ப ஏழெட்டுப் பேரு ஏறிக்கிட்ட மாதிரில்லா இருக்கு.”

குப்பி

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் அதே வேன்தான். பிளாஸ்டிக் தாள் மட்டும் இல்லை. கார்டிடமிருந்து திரும்ப வாங்கி வந்த எண்ணெய்க் குப்பியை, மிச்ச எண்ணெயோடு, நஸீமா அவர் கைப்பையில் வைத்து அனுப்பினாள். அங்கே வெயிலில் மண்டை காய்ந்துவிடுமாம்.

வாசலில் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். வாப்பாவிடம் முழங்காலுக்குத் தைலத்தை விடாமல் போடச் சொன்னார். கண்ணாடிக் கதவுக்குள் போனவர் திரும்பி நின்று, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், “நஸீமா!” என்று கூப்பிட்டார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சும்மா கூப்பிட்டார். அவள் அழுதாள். கொடியடியில் நின்றபோது இருந்த முகம் அல்ல அது. இந்த அழுகையைப் பார்க்க எனக்குப் பயமாக இல்லை.

வேன் நகரத்தைத் தாண்டும் முன்பே போன் வந்தது. நஸீமா எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“செக்கிங்ல குப்பியப் பிடிச்சிட்டாவ. பையில எண்ணெ கொண்டு போகக் கூடாதாம்.”

“ஐயோ, தூரப் போட்டுட்டியளா?”

“இல்ல. ஓரமாப் போயி உள்ளங்கையில ஊத்தித் தலையில தேச்சிட்டேன். பாத்துக்கிட்டே நின்னாவ. மேல இருக்கதுக்கு ஒண்ணும் சொல்லல.”

வேன் முழுக்கச் சிரிப்பு. உம்மா மட்டும் போனருகே எட்டிக் குனிந்தாள்.

“ஏ நஸீமா, எண்ணெயத் தேச்சிட்டுக் குளிக்காமக் கொள்ளாமப் போனா சளி பிடிச்சுரும்னு சொல்லு.”

நஸீமா சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கே கேட்டிருந்தது. ஒரு முறைகூடச் செருமாமல் பதில் வந்தது.

“தேச்சாச்சு மாமி. குளிக்க அங்கனதான் வரணும்.”